முறையின் வைப்பு

எழுதத் தெரிந்தவன் யார் என்று வினவினால், பிழையின்றி எழுதுபவன் என்பர் சிலர். நயம்பட எழுதுபவன் என்பர் வேறு சிலர். எழுதியது எவருக்காக எழுதப்பட்டதோ அவர் கையிற் சேர்ந்து, அவர் உள்ளத்திற் பதிந்து, அவரைச் செயற்படுத்தவும் வேண்டும் என்பாரோ மிகச் சிலர். பசறைப் பகுதித் தமிழாசிரியர் சிலர் கூடியிருந்த இடத்திலே அண்மையில் ஒரு விவாதம் எழுந்தது. அது இந்த மூன்றாவது கட்சியின் சார்பிலே சில சொல்ல என்னைத் தூண்டிற்று.

விவாதத்துக்குப் பொருளாயிருந்தது பதினோராந் தரத்து மாணவி ஒருத்தியின் தமிழ் ஒப்படை. அஃது ஒரே ஒரு தாள். அதிலே சொற்கள் அறுபதுக்கு மேல் இல்லை. எஞ்சிய இடமெல்லாம் கோடும் படமும் எண்ணும் நிறமும் வெற்றிடமுமாக இருந்தன. "படம் சித்திர பாடத்துக்கு உரியது; தமிழ்ப் பாடத்துக்கு உரியது சொல் ஒன்றே" என்றார் ஓர் ஆசிரியர். "இதனை எந்த அளவுகோலால் அளந்து புள்ளி இடுவது?" என்றார் மற்றொருவர். இரண்டும் நியாயமான வினாக்களே. மேனாட்டிலே 1996 ஆம் ஆண்டில் 'நியூ லண்டன் குழு' எனப்பட்ட கல்வியாளர் பதின்மர், இனி எழுத்தறிவு என்பது சொல்லோடு அமையாது, படம், ஒலி, இட அமைப்பு ஆகியவற்றையும் தழுவியதாகும் என்று எழுதினர். அன்று தொட்டு அங்குள்ள கல்லூரிகள் பலவற்றில் இதற்கெனத் தனிப் பாடமே உண்டு. ஆயினும், மேற்படி வினாக்களுக்கு விடை தேட நாம் அத்துணைத் தூரம் செல்ல வேண்டுவதில்லை. நன்னூல் ஏட்டைப் புரட்டினாலே போதும். அதற்கு முன் அந்தத் தாள் உருவான வரலாற்றைச் சொல்லுதல் வேண்டும்.

ஒரு தாள் உருவான வரலாறு

வகுப்பிலே 'மண்சரிவு' என்னுந் தலைப்பைக் கொடுத்திருந்தேன். நமுனுகுல மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கு இது புத்தகத்திலே படித்தறிய வேண்டிய பொருளன்று. இம்மாணவி முதலில் இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று கொணர்ந்தாள். இயற்கை அன்னையின் சீற்றம் என்று தொடங்கி, ஆகவே நாம் அனைவரும் விழிப்பாயிருப்போமாக என்று முடிந்தது. பிழை இல்லை, உவமை இரண்டு இருந்தன, பரீட்சையிலே நல்ல புள்ளி பெறத்தக்கது. "இதனை உன் லயத்தவர்க்கு வாசித்துக் காட்டினால் அவர்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்டேன். "கேட்டுக்கொண்டு இருப்பாங்க சேர்" என்றாள். "அவர்கள் எழுந்து நடக்கும்படி எழுத இயலுமா?" என்றேன். அவ்வளவே என் பங்கு. மற்றவை யாவும் அவள் முயற்சி.

அவள் முதலிற் செய்த தாள் அழகாயிருந்தது. தலைப்புச் சிவப்பு மையில். சுற்றிலும் ரோசாப் பூக் கரை. நடுவிலே மலை பிளந்து வீடுகளின்மேல் விழும் ஒரு பெரிய படம். கீழே நெருக்கமாக ஒரு பந்தி. அதைக் கொண்டுபோய் வீட்டிலே காட்டினாள். பாட்டியார் எழுத்தறியாதவர். படத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "இது எங்க நடந்துச்சு?" என்று கேட்டாராம். நடக்கக்கூடியதைச் சொல்ல எண்ணி வரைந்த படம், எங்கோ நடந்து முடிந்த செய்தியாகவே அவர் கண்ணுக்குத் தோன்றிற்று. தாயார் கொழுந்தெடுப்பவர், எழுத்துக் கூட்டி வாசிக்கக் கூடியவர். பந்தியைப் பொறுமையாக வாசித்து முடித்து, "எல்லாம் சரி புள்ள, எந்தப் பக்கம் போறதுன்னு போடலையே?" என்றாராம். அந்த வீட்டார் இருவரும் கேட்ட வினாக்களைவிடச் சிறந்த திறனாய்வை எந்தப் பேரறிஞர் செய்திருக்கக் கூடும்!

இரண்டாந் தாளிலே விழும் மலை மறைந்தது. அவ்விடத்திலே கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் நான்கு வந்தன: நிலத்தில் நீள வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், சுவரிலே புதிய பிளவு, கலங்கி வரும் அல்லது திடீரென நின்றுபோன பீலித் தண்ணீர். 'அனர்த்தம்', 'வெளியேற்றம்' போன்ற அலுவலகச் சொற்கள் போயின. 'நீரூற்று' என்று எழுதியிருந்ததை அடித்துப் 'பீலி' என்று எழுதினாள். லயத்திலே நீர் பிடிக்குமிடத்துக்கு அதுவே பெயர். வரைபடம் ஒன்றும் சேர்ந்தது. வடக்கு மேலே வருமாறு பாடப் புத்தக முறையில் வரைந்ததை அவள் தாயார் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாராம். ஆகவே லயத்து வாசலிலே நின்று வெளியே நோக்கினால் எது இடப்புறம், எது வலப்புறம், எது மேட்டில், எது பள்ளத்தில் என்று தெரியும்படி அதை மாற்றி வரைந்தாள். கோயில், பீலி, பிள்ளைக் காம்பரா, பாடசாலை ஆகிய நான்குமே அந்த வரைபடத்தின் திசைகள்.

மழையளவைக் காட்டுவதிலேதான் அவள் நுண்மதி சிறந்து விளங்கிற்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்தை மூன்று நிலையாகப் பகுத்துள்ளது. 24 மணித்தியாலத்திலே மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் மஞ்சள் நிலை, விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 ஐக் கடந்தால் செம்மஞ்சள். புறப்பட ஆயத்தமாதல் வேண்டும். 150 ஐக் கடந்தாலோ, ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே 75 ஐக் கடந்தாலோ சிவப்பு, அகன்றுவிடுதல் வேண்டும். இந்த எண்களைக் கேட்ட பாட்டியார்க்கு அவை வெறும் எண்களே. வாயும் அடியும் ஒரே அகலமான, பக்கம் நேரான பாத்திரத்தை வெளியிலே வைத்தால் அதிலே நிற்கும் நீரின் உயரமே மழையின் அளவு என்பது விஞ்ஞான பாடத்திலே படித்த செய்தி. அதனை நினைவு கூர்ந்து, தாளின் ஓரத்திலே ஒரு தகரக் குவளையை உண்மை அளவிலேயே வரைந்தாள். அடியிலிருந்து 75, 100, 150 மில்லிமீற்றர் உயரத்திலே மூன்று கோடுகள். அந்தத் தாளை அத்தகைய பாத்திரத்தின் பக்கத்திலே பிடித்தால் தாளே அளவுகோல் ஆகிவிடும்! எண்ணறியாதவரும் கோட்டை அறிவர். நாள்தோறும் ஒரே நேரத்தில் நீரைக் கொட்டிவிட வேண்டும் என்பதையும் கவிழ்ந்த குவளை ஒன்றால் காட்டியிருந்தாள்.

பின்னர் அச்சிடும் தொல்லை வந்தது. பட்டணத்துக் கடையொன்றிலே கணினியில் அமைத்துக் கொடுத்தபோது, கைபேசியிலிருந்து சென்ற ஒருங்குறி எழுத்து அங்கிருந்த பழைய எழுத்துருவோடு பொருந்தாமல் சிதைந்துவிட்டது. கொம்பு ஒரு வரியிலும் அதற்குரிய மெய் அடுத்த வரியிலுமாக நின்றன. 'வெளியே போங்கள்' என்பதை வாசிக்க இயலவில்லை. அவள் அதைக் கைவிட்டுத் தன் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதிப் படி எடுத்தாள். படி எடுக்கும் இயந்திரமோ நிறங்களை விழுங்கிற்று. மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்பும் ஒரே சாம்பலாயின. மின்சாரம் போன இரவிலே கைவிளக்கொளியில் மஞ்சட் பென்சிற் கோடு கண்ணுக்கே தெரிவதில்லை என்பதையும் அப்போதுதான் கண்டாள். ஆகவே மஞ்சளுக்கு ஒரு பட்டை, செம்மஞ்சளுக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று என்று கறுப்புப் பட்டைகளைச் சேர்த்தாள். நிறமிருந்தால் நிறம் பேசும். இல்லையேற் பட்டை பேசும். அழகுக்காகத் தலைப்புக்கு இட்டிருந்த சிவப்பை நீக்கி, சிவப்பை 'போ' என்ற ஒரு சொல்லுக்கே உரியதாக்கினாள்.

இறுதியாக இரண்டு கட்டங்கள் வெற்றிடமாக விடப்பட்டன. ஒன்று, இரவிலே எந்த ஒலி கேட்டால் எழ வேண்டும் என்பதற்கு. உறங்குவோர் தாளை வாசியார் அன்றோ! கோயில் மணியா, பெரட்டுக்கு அடித்த பழைய தப்பா என்பது லயத்தார் கூடி முடிவு செய்யவேண்டியது. மற்றொன்று, போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு. எச்சரிவு பாதுகாப்பானது என்பதை ஒரு மாணவி தீர்மானிக்கலாகாது. அதனைத் தொழினுட்ப அறிஞரும் கிராம உத்தியோகத்தரும் வந்து பார்த்து எழுதவேண்டும். தான் அறியாததைத் தாளிலே எழுதாமல் விட்ட அந்த நேர்மைக்கே நான் தனிப் புள்ளி இடுவேன்.

நன்னூலார் தரும் அளவுகோல்

இனி, எந்த அளவுகோலால் அளப்பது என்ற வினாவுக்கு வருவோம். பவணந்தி முனிவர் நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் வகுத்தார். பண்டித வகுப்பிலே நாம் இவற்றை நெட்டுருச் செய்தோம். இன்றும் மாணாக்கர் செய்கின்றனர். ஆயினும் எழுத்துப் பயிற்சிக்கு அவற்றைப் பயன்படுத்துவார் அருகிவிட்டனர்.

இத்தாளின் முதல் வடிவை அக்குற்றங்களோடு ஒப்பிட்டு நோக்குக. ரோசாப் பூக் கரை மற்றொன்று விரித்தல். விழும் மலையின் பெரும் படம் மிகைபடக் கூறல். தலைப்பும் சிவப்பு, அபாயமும் சிவப்பு என்றிருந்தது மாறுகொளக் கூறல். வடக்கு மேலான வரைபடம் மயங்க வைத்தல். எந்தப் பக்கம் போவது என்று சொல்லாமை குன்றக் கூறல். அனைத்துக்கும் மேலாக, இரண்டு பக்கக் கட்டுரை லயத்தார்க்கு நின்று பயனின்மை.

இறுதி வடிவிலே அழகுகள் எவ்வாறு அமைந்தன? அறுபது சொல்லிலே அடக்கியது சுருங்கச் சொல்லல். அடையாளங்களைத் தனித்தனிப் படமாகக் காட்டியது விளங்க வைத்தல். 'பீலி' என்ற வழக்குச் சொல்லை ஆண்டது உலகம் மலையாமை. உண்மை அளவிலே வரைந்த குவளையைவிட 'விளங்கு உதாரணம்' வேறு யாது? உயிர் காத்தலினும் விழுமிய பயன் வேறு யாது? எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக நிற்பது முறையின் வைப்பு. எது முன், எது பின், எது பெரிது, எது சிறிது, எதனருகே எது என்று ஒழுங்குபட வைத்தலே அது. ஏடும் மனனமுமாக இருந்த காலத்திலே அது சூத்திரங்களையும் இயல்களையும் வரிசைப்படுத்தும் முறையைக் குறித்தது. தாளிலே எழுதும் காலத்திலே அது தாளின்மேல் வைக்கும் முறையையும் குறித்தல் பொருந்தும். ஆவண அமைப்பு என்று இன்று புதுப்பெயர் கூறி மேனாட்டார் கற்பிப்பதற்கு இலக்கண வித்து நம்மிடத்திலே உண்டு.

'தமிழ்ப் பாடத்துக்கு உரியது சொல் ஒன்றே' என்ற கூற்றும் நம் மரபோடு ஒட்டுவதன்று. எழுத்தென்பதற்கு ஒலிவடிவும் வரிவடிவும் என இரு நிலை கூறுவது நம் இலக்கணம். இயலோடு இசையையும் நாடகத்தையும் சேர்த்து முத்தமிழ் என்றவர் நம் முன்னோர். எழுத்துகளைச் சக்கரமாகவும் நாகமாகவும் அடைக்கும் சித்திரகவிகளுக்குத் தண்டியலங்காரம் இடமளித்தது. அவை பெரும்பாலும் புலமை விளையாட்டே. ஆயினும், எழுத்து நிற்கும் இடமும் பொருள் தரும் என்பதை நம்மவர் அறிந்திருந்தனர் என்பதற்கு அவை சான்று.

நாவலர் செய்த புரட்சி

சித்திரகவியினும் வலிய சான்று ஒன்றுண்டு. பனையோலைச் சுவடியைக் கண்டோர் அறிவர்: அதிலே சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, பந்தி இல்லை, நிறுத்தக் குறி இல்லை. ஓலை கிழியுமென்று மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இடார். ஓரத்திலிருந்து ஓரம் வரை எழுத்து நிரம்பி நிற்கும். ஆசிரியரிடம் பாடங் கேட்டவனே அதனைப் பிரித்துப் படிக்க வல்லன். மற்றையோர்க்கு அது கோட்டை மதில்.

அந்த மதிலிலே வாயில் திறந்தவருள் முதல்வர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). வண்ணார்பண்ணையிலே பாடசாலையும் அச்சியந்திரமும் நிறுவி, சிறுவர்க்குப் பாலபாடங்களும் பெரியபுராண வசனம் முதலிய உரைநடை நூல்களும் வெளியிட்டார். கடுஞ்சந்தியைப் பிரித்தும், நிறுத்தக் குறிகளை இட்டும், பொருளைப் பகுதி பகுதியாக வகுத்தும் அச்சிட்டார். வசன நடை கைவந்த வல்லாளர் என்று அவரைப் போற்றும் நாம், அவர் தாளையும் ஆண்டவர் என்பதை மறந்துவிடுகின்றோம். அவருக்குப் பின் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் மூலம் வேறு, உரை வேறு, குறிப்பு வேறு எனக் கண்ணுக்குத் தெரியுமாறு நூல்களைப் பதிப்பித்தனர். ஐயர் 1887 இலே சீவக சிந்தாமணியையும் 1894 இலே புறநானூற்றையும் பதிப்பித்து வெளியிட்டார். அவர் பதிப்புகளில் முகவுரையும் குறிப்புரையும் அகராதியும் ஒருங்கே அமைந்து, புதியவனையும் நூலுக்குள் கைப்பிடித்து அழைத்துச் செல்கின்றன. பாரதியாரோ 1906 இலே தொடங்கிய 'இந்தியா' வார இதழில் அரசியற் கருத்துப் படங்களை இட்டுத் தமிழ்ப் பத்திரிகை உலகுக்குப் புதுவழி காட்டினார். இவர்களுள் எவரேனும் சொல்லை இகழ்ந்தனரா? சொல் எட்டாத இடத்துக்கும் எட்டவேண்டும் என்பதற்காகவே சொல்லுக்குத் துணை தேடினர்.

தாள்கள் எழுதிய தலைவிதி

இது மலையகத்தார்க்கு ஏனையோரினும் பன்மடங்கு முக்கியமானது. காரணம், எம் மக்களின் வாழ்வைத் தாள்களே பலகாலும் தீர்மானித்தன. அத்தாள்களை வாசிக்க இயலாதவராக எம் மக்கள் இருந்தனர்.

'துண்டு' என்று ஒன்று இருந்தது. தொழிலாளி ஒருவன் ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் செல்ல வேண்டுமானால், அவன் கடன் தீர்க்கப்பட்டால் விடுவிப்போம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் அக்கடனை ஏற்கும். கடன் அவனோடு தோட்டம் மாறும். எழுதியவர் துரை, வைத்திருந்தவர் கங்காணி, அதனாற் கட்டுண்டவன் தொழிலாளி. அதிலே என்ன எழுதியிருக்கிறது என்பதை அறியாதவன் அவன் ஒருவனே. 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே அம்முறை ஒழிந்தது.

பின்னர் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் எம்மவர் நாடற்றவராயினர். 1949 இலே வந்த இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் விண்ணப்பம் கேட்டது. தொடர்ச்சியாக இந்நாட்டிலே வதிந்தமையைத் தாள் கொண்டு மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே மலையிலே கொழுந்து பறித்தவரும், காட்டுதற்குத் தாள் இன்மையாற் கைவிடப்பட்டனர். விண்ணப்பித்தோருள் மிகப் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டனர். 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் பெரிதும் தீர்ந்தது.

இதற்கு எதிர்முனையிலே ஒரு தாளும் உண்டு. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார், 1940 இலே இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமையைப் பாட்டாக்கிச் சிறு நூலாக வெளியிட்டார். கூட்டங்களிலே தாமே பாடினார். வாசிக்கத் தெரிந்தவர் நூலை வாங்கினர். தெரியாதவர் காதால் வாங்கினர். ஒரே செய்தி கண்ணுக்கும் செவிக்கும் சென்றது. தம் மக்கள் யார், அவர்க்கு எவ்வழியாகச் செய்தி சேரும் என்பதை அறிந்து அமைத்த ஆவணம் அது. இம்மாணவியின் தாளுக்கு மூதாதை தேடுவோர் அங்கே தேடுக.

எச்சரிக்கையின் மொழி

பதுளை மாவட்டத்திலே கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை மண் மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005 இலும் 2011 இலும் விடுக்கப்பட்டிருந்ததாக அந்நாட்களிலேயே செய்திகள் வெளிவந்தன. எச்சரிக்கை எழுத்தில் இருந்தது. மக்களோ லயத்தில் இருந்தனர். இடையிலே இருந்த தூரத்தைக் கடக்கத் தாளும் போதவில்லை, காணியும் கிடைக்கவில்லை.

2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் வந்தது. நாடெங்கும் அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். மலைநாடு பிளந்தது, மிகவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பதுளையும் ஒன்று. அவ்வேளை அபாய அறிவிப்புகள் தமிழிலே பிந்தி வந்தன, சில வரவேயில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தாலே தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழியாயிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழிந்த பின்னும், உயிர் காக்கும் சொல் பிந்தி வருமாயின் அந்தச் சட்டம் தாளிலே மட்டும் வாழ்கின்றது என்றுதான் கொள்ளவேண்டும்.

மொழிபெயர்த்து வெளியிட்டு விட்டோம் என்பதோடு கடமை முடிவதில்லை. பொது அறிவித்தல்களை நோக்குங்கள். வேற்று மொழியிலே எழுதப்பட்டதன் நிழலாகத் தமிழ் வந்து நிற்கும். அதற்கென ஒதுக்கிய இடம் போதாமையால் எழுத்துச் சிறுக்கும். சில வேளை கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். 'உயர் அபாய வலயத்தினின்றும் வெளியேற்றத்துக்கான ஆயத்தம்' என்று ஒரு தொடர். இதனைக் கொழுந்தெடுக்கும் ஒரு தாய் இருட்டிலே, மழையிலே, குழந்தையை இடுப்பிலே வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்! இலக்கணப் பிழை ஒன்றுமில்லை எனினும், இது நன்னூலார் சொன்ன மயங்க வைத்தலே.

சில ஐயங்கள்

படத்துக்கும் நிறத்துக்கும் இடங்கொடுத்தால் மாணாக்கர் சொல்வளம் குன்றாதோ என்று அஞ்சுவோர் உளர். இவ்வச்சம் ஒதுக்கத்தக்கதன்று. கைபேசியிலே ஆயத்தமாகக் கிடைக்கும் பூவும் கரையும் ஒட்டி, இரண்டு வரி எழுதிவிட்டுப் பணி முடிந்தது என்று எண்ணும் பிள்ளைகளை நானும் காண்கின்றேன். அது அமைப்பன்று, அலங்காரம். இரண்டுக்கும் வேறுபாடு கற்பிப்பதே ஆசிரியன் கடன். இம்மாணவி அறுபது சொல்லைத் தெரிந்தெடுத்தற்கு இருநூறு சொல்லை எழுதி எழுதி அழித்தாள். 'வெளியேறுங்கள்', 'அகன்று செல்லுங்கள்', 'போங்கள்', 'போ' என நான்கு வடிவங்களை நிறுத்துப் பார்த்தாள். மூத்தோரையும் நோக்கிச் சொல்லும் தாளிலே 'போ' என்பது மரியாதைக் குறைவாகாதா என்று கேட்டாள். மூன்று பட்டையருகே அது மனிதரை நோக்கிய ஏவல் அன்று, ஆபத்தின் பெயர் என்று தானே விடையும் கண்டாள். எனினும், லயத்தவர் இருவரைக் கேட்டுவிட்டே அதை எழுதினாள். இது சொல்லாராய்ச்சி அன்றோ! நீண்ட கட்டுரையிலே ஒரு தவறான சொல் ஒளிந்துகொள்ளும். அறுபது சொல்லிலே அதற்கு ஒளிய இடமில்லை.

கட்டுரையை விட்டுவிடுக என்பதும் என் கருத்தன்று. ஒரு பொருளைத் தொடர்ந்து சிந்திக்கவும் காரண காரியங்களைக் கோக்கவும் கட்டுரையைப்போல் உதவுவது பிறிதில்லை. அவள் முதலில் அந்த இரண்டு பக்கத்தையும் எழுதியிராவிடின் பின்னர் எதை விடலாம், எதை விடலாகாது என்று அறிந்திருக்க மாட்டாள்.

பரீட்சைக்கு உதவாததை ஏன் செய்விப்பது என்று கேட்போர்க்கும் ஒரு சொல். கடிதம், அறிவித்தல், விளம்பரம் எழுதும் பயிற்சி நம் பாடத்திட்டத்துக்குப் புதியதன்று. அவற்றை எல்லாம் தலைப்பு, பந்தி, கையொப்பம் என்ற வாய்பாட்டாலே நிரப்பி விடுகின்றோம். அறிவித்தல் ஒன்றை எழுதச் சொல்லி, அதை உரியவரிடம் காட்டி, அவர் என்ன விளங்கிக்கொண்டார் என்று கேட்டு வந்து திருத்தி எழுதும்படி சொன்னால், அதே பயிற்சி உயிர் பெறும். புள்ளி இடுவதற்கு நன்னூலாரின் இருபதும் இருக்கின்றன.

செய்யத்தக்கன

தமிழாசிரியர்க்கு என் வேண்டுகோள் இது: தவணைக்கு ஓர் ஒப்படையேனும் வகுப்பறைக்கு வெளியே உள்ள ஒருவர்க்காக எழுதப்பட்டதாக இருக்கட்டும். பேருந்து நேர அட்டவணையாகலாம். மருந்து உண்ணும் முறையாகலாம். சம்பளச் சீட்டிலே உள்ள கழிவுகளின் விளக்கமாகலாம். பாட்டியார் ஒருவர் விளங்கிக்கொண்டாரா என்பதே அதன் பரீட்சை.

அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: தமிழ் அறிவித்தலைத் தமிழிலேயே எழுதுவியுங்கள், வெளியிடுமுன் அதனை வாசிக்க வேண்டியவர் ஐவரிடம் காட்டிப் பாருங்கள். இதற்குப் பெருஞ் செலவு இல்லை. மலையகப் பாடசாலைகளிலே இதற்குத் துணைபுரிய ஆசிரியரும் மாணாக்கரும் ஆயத்தமாகவே உள்ளனர்.

இலக்கிய வட்டத்தார்க்கும் ஒன்று: எம் பகுதி எழுத்தாளர் தோட்டத் தொழிலாளியின் துயரைக் கதையாகவும் கவிதையாகவும் நிரம்ப எழுதியுள்ளனர். அவரைப் பற்றி எழுதுதலோடு அவருக்காகவும் எழுதுதல் இலக்கியவாதிக்கு இழிவன்று. நாவலர் சிறுவர்க்குப் பாலபாடம் எழுதியதனால் அவர் புலமை குன்றிற்றா?

எத்துணைச் சிறந்த தாளாயினும் அது வழியைக் காட்டுமேயன்றிச் சேருமிடத்தைத் தந்துவிடாது. அம்மாணவி வெற்றிடமாக விட்ட இரண்டாவது கட்டத்தை நிரப்பும் ஆற்றல் தமிழாசிரியர்க்கு இல்லை. காணியும் வீடும் வழங்கும் கடமையுடையார்க்கே உண்டு. ஆனால் அக்கட்டம் வெறுமையாய் இருக்கின்றது என்பதை எல்லோருங் காணும்படி, பெரிதாக, தாளின் நடுவிலே வைத்திருக்கின்றாள் அவள். அதுவும் முறையின் வைப்பே. அந்தத் தாளுக்கு முழுப் புள்ளி இடலாம் என்பது என் துணிபு.